விராலை விட்ட கோடை

சந்தையில் இன்று உயிர் விராலின் சேற்று வாடை மூக்கில் ஏறியதும், எப்போதோ மனைக்கட்டுகளாகிவிட்ட எங்கள் நெடுங்காட்டு ஏரி மறுபடியும் எனக்குள் தளும்பியது. பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போன காலம். நான் சின்னப் பெண். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற ஊரே வலையோடு இறங்கும். கண் சிறுத்த வலைகள் வந்தபின் குஞ்சுகளும் தப்பவில்லை. வருசத்துக்கு வருசம் மீன் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் விரல் நீளப் பொடிகள்தான் அம்மாவின் சட்டியில் கொதித்தன.

ஒருநாள் கோடை மழைக்குப் பிறகு, அல்லி இலைகளுக்கு நடுவே செந்நிறக் குஞ்சுக் கூட்டமொன்று கொப்பளிக்க, அதற்குக் கீழே பெரிய விரால் ஒன்று காவலாக நின்றது. அப்பா வலையை ஓங்கினார். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"வுடுங்க. தாயி போயிட்டா அத்தன குஞ்சையும் மத்த மீனு தின்னுப்புடும்."

"ராவுக்குக் கொழம்பு?"

"ரசம் வச்சிக்கலாங்க."

அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, குஞ்சு வளரும்வரை பொறுக்கும்படி மற்றவர்களிடமும் கேட்டார். சிலர் சிரித்தார்கள், ஆனாலும் அந்தப் பக்கம் யாரும் வலை வீசவில்லை.

அடுத்த கோடையில் அப்பா முழங்கை நீள விராலோடு வந்தார். எப்போதும் வால்துண்டே தின்னும் அம்மாவின் தட்டில் அவரே நடுத்துண்டை எடுத்து வைத்தார். அம்மா வழக்கம்போல அதைப் பிய்த்து என் பக்கம் நீட்டினாள்.

"அவளுக்கு இருக்கு. நீ தின்னு" என்றார் அப்பா.