ஒரு பல் தள்ளி நின்ற பெல்ட்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பந்தல் வேலை கிடைக்கும் ஊருக்கெல்லாம் போவேன். படுக்கை, சமையல் எல்லாம் என் பழைய காரில்தான். அதன் டைமிங் பெல்ட் தேய்ந்துபோனதால், விழுப்புரத்தில் நானே புதிதாக மாற்றினேன். திண்டிவனம் நெருங்கும்போது இன்ஜின் டக் டக்கென்று தட்டியது. பாலம் ஏறவே திணறியது. இன்ஜின் போனால் பிழைப்பும் போச்சு, இருப்பிடமும் போச்சு.

சாலையோர மெக்கானிக் ஒருவர் ஸ்க்ரூடிரைவர் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு பெல்ட் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

“பெல்ட்டு யாரு மாட்டுனது?”

“நான்தாங்க.”

“இன்ஜின கையால ஒரு சுத்து சுத்திப் பாக்காம ஸ்டார்ட் பண்ணிக்கினு வந்துட்டீங்களா? நல்ல ஜல்திதான் போங்க! பெல்ட்டு ஒரு பல்லு தள்ளி நிக்குது. இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவல, பயப்படாதீங்க.”

சரியாக மாட்டியதும் தட்டல் அடங்கியது. கிளம்பும்போது தன் நம்பரைக் கொடுத்தார். “போய்ச் சேந்ததும் சொல்லுங்க. திரும்பவும் சத்தம் வருதான்னு தெரியணும்.”

போய்ச் சேர எனக்கு ஓர் இடமில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அன்றிரவு பெருமுக்கல் மலையடியில் வண்டியை நிறுத்திவிட்டு, அவருக்குப் போன் செய்தேன்.

“வந்து சேந்துட்டேங்க. சத்தமே இல்ல.”

“ரைட்டுங்க. சாப்ட்டுப் படுங்க” என்றார்.

அவர் வைத்த பிறகும், போனைக் காதிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.