சிவப்புப் "பிளை"

அப்பா வேலை முடிந்து வந்துவிட்டார் என்பது எனக்கு மூக்கில்தான் முதலில் தெரியும். வாசலில் நின்று அவர் துண்டை உதற, பஞ்சுத் தூசி கதவைத் தாண்டி வந்து எனக்கு இரண்டு தும்மல் போட வைக்கும். நிட்டிங் மெஷினில் நூல் ஓட ஓட அதிலிருந்து பறந்து, தலையிலும் புருவத்திலும் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பஞ்சுக்கு எங்கள் திருப்பூரில் "பிளை" என்று பெயர். "பிளையத் தட்டீட்டு உள்ள வாங்க" என்று அம்மா தினமும் சொல்வார்; அப்பாவும் தினமும் பாதியை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் ஐப்பசியில் ஆர்டர் நின்றுபோய், முதலிபாளையத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடினார்கள். "கூப்புடறோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாள் முழுக்க மெஷின்களைச் சுற்றி நடந்தே பழகிய மனிதருக்கு எங்கள் இரண்டு அறை வீடு போதவில்லை. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடப்பார், கொடியில் காயும் துணியை விரலால் தடவி எங்காவது நூல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார், மறுபடி நடப்பார். நானும் அவருக்குப் பிறந்தவள்தானே. பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டேன் என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்புகிற ரகம். இரண்டு பேரும் குறுக்கும் நெடுக்குமாக நடப்பதைப் பார்த்து அம்மாவுக்குத் தலை சுற்றியது.

அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், டிவியில் ஒரு வெள்ளைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டிலைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார். "பிளை பிஷிங்" என்றது பின்னணிக் குரல். அப்பா சட்டென்று நின்றார். "ஏங்கண்ணு, பிளையில மீன் புடிக்கறானாமா!" தூண்டில் முள்ளில் கட்டியிருந்த சமாச்சாரமும் பார்க்கப் பஞ்சு மாதிரியே இருந்ததால் எங்கள் இருவருக்கும் துளி சந்தேகம் வரவில்லை. எனக்குப் பிடித்தது வேறு: அந்த மனிதர் உட்காரவே இல்லை.

அப்பாவுடைய வேலைச் சட்டைப் பையையும் மடித்துவைத்த காலுறையையும் உதறியதில் ஒரு தீப்பெட்டி கொள்ளுமளவுக்குப் பிளை கிடைத்தது. கடைசியாக ஓடியது சிவப்பு நூல் ஆர்டர் என்பதால் எல்லாம் சிவப்பு. அதைச் சிறிய முள்ளில் வைத்துத் தையல் நூலால் இறுக்கிக் கட்டி, மூங்கில் குச்சியும் நைலான் நரம்புமாக வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த குளத்துக்குப் போனோம். வீசினால் கனமே இல்லாத பஞ்சு முன்னே போகாமல் திரும்பி வந்து என் முகத்தில் ஒட்டியது. மூன்று நாள் இதே கூத்து. கரையில் தக்கையைப் போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், பனியன் கம்பெனி டெய்லர், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு எடத்துல சும்மா இருக்க மாட்டியளோ? மீனு பூராம் ஓடிரும்லா" என்றார்.

வீசுவதற்குக் கயிறுதான் கனமாக இருக்க வேண்டும், பஞ்சு அல்ல என்று நான்காம் நாள் அப்பாவுக்குப் புரிந்தது. டவுசருக்குக் கோக்கிற நாடாவை நீளமாக எடுத்து, நூல் வழுக்கி ஓடுவதற்காக மெஷினில் வைக்கும் மெழுகு வில்லையை அதன் மேல் தேய்த்தார். நுனியில் மட்டும் நரம்பு. அன்றைக்கு வீசியபோது நாடா காற்றில் வளைந்து விரிந்து, பிளை தண்ணீரில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. மீன் வரவில்லை, ஆனாலும் நாங்கள் இருட்டும்வரை வீசினோம்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூட வாசலில் அப்பா மூங்கில் குச்சியோடு நிற்பார். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குகிற மனிதராக மட்டுமே எனக்குத் தெரிந்தவர். செவ்வாய்க்கிழமை முருகன் கோயிலில் கம்பெனி சீக்கிரம் ஓட வேண்டும் என்று அம்மா கண்ணை மூடி வேண்டிக்கொள்ள, பக்கத்திலேயே நின்று நான், "ஓடவே கூடாது சாமி" என்று வேண்டிக்கொண்டேன். வீட்டில் பால் நிறுத்தியதும் அம்மாவின் குரல் கடுத்துப்போனதும் தெரிந்தும்தான் வேண்டினேன்.

பிளை தீர்ந்துகொண்டே வந்தது. மெஷின் ஓடினால்தான் புதுப் பிளை, மெஷின் ஓடினால் அப்பா இல்லை. கார்த்திகைக் கடைசியில் தீப்பெட்டியில் மிச்சமிருந்த ஒரே சிட்டிகையைக் கட்டி வீசினேன். தண்ணீர் ஒருமுறை "களுக்" என்றது. பதறிப்போய் நான் இழுத்த இழுப்பில் உள்ளங்கை அகல ஜிலேபி மீன் ஒன்று எங்கள் தலைக்கு மேலே பறந்து பின்னால் புல்லில் விழுந்தது. தூத்துக்குடிக்காரரே எழுந்து நின்றுவிட்டார். அப்பா அவ்வளவு சத்தமாகச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

முள்ளைக் கழற்றும்போது அவர் போன் அடித்தது. "வந்தர்றனுங்க, வந்தர்றனுங்க" என்று இரண்டு முறை சொன்னார். "கண்ணு, நாளைக்குக் காலைல வரச் சொல்லீட்டாங்க!"

நான் ஓவென்று அழுதேன். அழுகையோடு அழுகையாக, கோயிலில் வேண்டியதையும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று நினைத்தேன். அப்பா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "முருகன் ரெண்டு மாசம் உம்பேச்சக் கேட்டாரல்ல. போதும் சாமி" என்றார்.

மறுநாள் இரவு டிபன் பாக்ஸ் நிறையப் பிளையோடு வந்தார், இந்த முறை நீல நிறம். அப்புறம் இரண்டு ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை. அந்தப் பாக்ஸ் அலமாரியிலேயே இருந்தது.

இப்போது நான் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். துணியில் வேற்று நிறப் பிளை கலந்திருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டியது என் வேலை. குளத்தைச் சுற்றிக் கம்பி வேலி வந்துவிட்டது. அன்றைக்கு டிவியில் சொன்ன பிளை பஞ்சு அல்ல, ஈ; ஈ மாதிரி கட்டிய தூண்டில் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். "ஈயா? அப்பறம் அந்த மீனு எதுக்கு வந்துச்சாமா?" என்று கேட்டுவிட்டு வாசலுக்கும் சமையலறைக்குமான நடையைத் தொடர்ந்தார். அவர் வேலையை விட்டு ஒரு வருடமாகிறது. பழக்கதோஷத்தில் அவர் தலையில் இருந்த வெள்ளையைத் தட்டிவிடக் கையைக் கொண்டுபோனேன். அது பிளை இல்லை, போகவில்லை.