மேலிருந்து மூன்றாம் படி

இது நடந்தது. எந்த ஊர், எந்த மாதம், எத்தனை மணி என்பதுவரை என்னால் சொல்ல முடியும். ஹடர்ஸ்ஃபீல்டில், எங்கள் தெருவில், என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில். போன நவம்பரில். சாயங்காலம் நாலு பத்துக்கு.

நடந்தது தெல்மா ஓல்ட்ராய்டுக்கு. வயது எழுபத்தொன்று. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் மேற்பார்வை பார்த்தவள். முந்நூறு பிள்ளைகளில் எவன் கேரட்டைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். யாரையும் லேசில் நம்ப மாட்டாள். அப்படிப்பட்டவள் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் ஒரு சொல் மாறவில்லை.

அவள் கணவர் ஹெட்லிக்கு ஏப்ரலில் பக்கவாதம் வந்தது. வலது காலில் பாதி பலம்தான் திரும்பியது. படுக்கையறையோ மாடியில், பதிமூன்று படி ஏறிப் போக வேண்டும். ஏழு மாதம் அவர் கீழே முன்னறையில் மடக்குக் கட்டிலில் படுத்தார். தெல்மா மேலே தனியாகப் படுத்தாள். நாற்பத்தொரு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள். அவர் குறட்டை இல்லாமல் தூக்கமே வரவில்லை என்றாள்.

படிக்கட்டு லிஃப்ட் வைப்பதென்று முடிவானது. படியோரமாக ஒரு தண்டவாளம், அதன்மேல் ஒரு நாற்காலி. உட்கார்ந்து, பெல்ட் மாட்டி, பொத்தானை அழுத்தினால் மெல்ல ஊர்ந்து மேலே போகும். காலியாக இருக்கும்போது வரவழைக்க ரிமோட்டும் உண்டு. ஆனால் புதுசு வாங்குவதா, ரீகண்டிஷன் பண்ணினதா? அதில்தான் இழுபறி.

"புதுசே வாங்கும்மா," என்றாள் மகள் பெவர்லி, லீட்ஸிலிருந்து போனில். "அது எவங்க வீட்டுல கழட்டினதோ, யார் யார் உட்கார்ந்ததோ."

"எனக்கும் அதான் உதைக்குது. பாதி விலைக்கு ஏன் கொடுக்கறான்?"

ஹெட்லி கேட்டுக்கொண்டே இருந்தார். "நானே இப்ப ரீகண்டிஷன் பண்ணின ஆளுதான், தெல்மா. பழசுன்னு என்னையும் திருப்பி அனுப்பிடுவியா?"

அந்த ஒரு பேச்சில் தெல்மா சிரித்துவிட்டாள். சிரித்ததால் தோற்றாள்.

செவ்வாய்க்கிழமை டெஸ்மண்ட் என்பவர் வந்து மாட்டிக் கொடுத்தார். தெல்மா அவரை விடவில்லை.

"இது யார் வீட்டுலேருந்து வந்தது?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. பேட்டரி நல்லா இருக்கு. ஒரு வருஷத்துக்கு கேரண்டி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் குனிந்து திருகாணியை முடுக்கினார். அது முன்பே இறுகியிருந்த திருகாணி. தெல்மா அதைக் கவனித்தாள்.

இருந்தாலும் முதல் மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. ஹெட்லி ஊர்வலம் போகிற ராஜா மாதிரி கையசைத்தபடி மாடி ஏறினார். தெல்மா குறட்டையைக் கேட்டுக்கொண்டே தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. தெல்மா சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஹெட்லி முன்னறையில். சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து.

க்ளிக்.

பெல்ட் மாட்டும் சத்தம்.

பிறகு... ர்ர்ர்ர்...

"ஹெட்லி! என்னைக் கூப்பிடாம ஏறாதேன்னு சொன்னேன்ல?"

கையைத் துடைத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். நாற்காலி மேலே போய்க்கொண்டிருந்தது.

காலியாக.

பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது. மேலிருந்து மூன்றாம் படியில் போய் நின்றது.

முன்னறையை எட்டிப் பார்த்தாள். ஹெட்லி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தெல்மா படியேறிப் போய் இருக்கையில் உள்ளங்கையை வைத்தாள்.

சூடு. ஆள் இப்போதுதான் எழுந்து போன சூடு.

அவள் முதலில் சந்தேகப்பட்டது புருஷனைத்தான்.

"ரிமோட்டை நீ அமுக்கினியா?"

"நான் தூங்கிட்டு இருந்தேன்."

"தூங்கற மாதிரி நடிச்சியா?"

"அந்த அளவுக்கு நடிக்க வந்தா உன் சமையலை இன்னும் கொஞ்சம் பாராட்டியிருப்பேனே."

அடுத்த சந்தேகம் டெஸ்மண்ட் மேல். போன் போட்டாள். "பக்கத்துல யார் வீட்டு ரிமோட்டாவது இதை இழுக்குதோ என்னவோ," என்றார் அவர். குரலில் ஒரு தடுமாற்றம். எதையோ மறைக்கிறார் என்று தெல்மாவுக்கு உறுதியாகிவிட்டது.

சனிக்கிழமை மதியம் கீழே ஒன்று, மேலே ஒன்று என்றிருந்த இரண்டு ரிமோட்டிலிருந்தும் பேட்டரியைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். நடையில் ஸ்டூலைப் போட்டு நாற்காலிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். விளக்கை அணைக்கவில்லை.

நாலு எட்டு.

நாலு ஒன்பது.

நாலு பத்து...

இருக்கை மெத்தை மெதுவாக அமுங்கியது. நடுவில் ஒரு குழி.

க்ளிக்.

ர்ர்ர்ர்...

அந்த மோட்டாருக்கு இரண்டு சத்தம் உண்டு. காலியாகப் போனால் மெல்லிய சத்தம். ஆள் இருந்தால் கனத்த முனகல். தெல்மா நாலு நாளில் இரண்டையும் நன்றாகப் பழகியிருந்தாள்.

இது முனகியது.

ஹெட்லி உட்காரும்போது வருகிற அளவுக்கு இல்லை. அவரைவிட இளைத்த யாரோ.

மேலிருந்து மூன்றாம் படி. நின்றது.

ஹெட்லியிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலோடு அவர் எங்கே ஓடுவார்? திங்கட்கிழமை இதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தாள். ஏழரை மணிக்கு அவர் படுக்கப் புறப்பட்டார்.

"இன்னைக்குக் கீழயே படுத்துக்கோயேன்."

"ஏழு மாசம் கீழ படுத்தாச்சு. போதும்டி. வா."

அந்த முகத்தைப் பார்த்து அவளால் மறுக்க முடியவில்லை. ரிமோட்டில் பேட்டரியைத் திரும்பப் போட்டு நாற்காலியைக் கீழே இறக்கினாள். அவரை உட்கார வைத்துப் பெல்ட்டைத் தன் கையாலேயே மாட்டினாள். அவர் மேலே ஊர, இவள் பின்னாலேயே ஒவ்வொரு படியாக ஏறினாள்.

எட்டாம் படி. ஒன்பது. பத்து.

டக்.

நின்றுவிட்டது. கால் வைக்கும் பலகையின் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்தினாள். அசையவில்லை. டெஸ்மண்டுக்குப் போன் போட்டாள்.

"சிவப்பு விளக்கா? வழியில ஏதோ இடிக்குதும்மா. படியில எதையாவது வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாருங்க. எதுலயாவது பட்டாத்தான் அந்த விளக்கு எரியும்."

பார்த்தாள். படியில் தரைவிரிப்பு மட்டும்தான் இருந்தது.

ஹெட்லி அந்தப் படியைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க," என்றார் மரியாதையாக. "கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா?"

"யாருகிட்ட... பேசறே?"

விளக்கு அணைந்தது.

நாற்காலி நகர்ந்தது.

தெல்மாவின் இடது சட்டைக்கையை எதுவோ உரசியது. நனைந்த கம்பளித் துணி மாதிரி. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கீழே இறங்கும் காலடி... ஒரு படி... இன்னொரு படி...

கடைசிப் படி.

க்ரீச்.

திங்கட்கிழமை டெஸ்மண்ட் வந்து எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப் போனார். தெல்மா புதுசுக்கே சொல்லிவைத்தாள். என்ன பார்த்தாய் என்று அவள் ஹெட்லியை எத்தனை தடவை கேட்டாலும், "பாவம், வயசானவங்க," என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

புது லிஃப்ட் ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை மீன் வறுவல் கடை வரிசையில் தெல்மா டெஸ்மண்டைப் பார்த்தாள். நேராகப் போய்க் கேட்டுவிட்டாள்.

"இப்பவாவது சொல்லுங்க. அந்த நாற்காலியில செத்தது யாரு?"

டெஸ்மண்ட் விழித்தார். "செத்தாங்களா? அதுல யாரும் உட்காரவே இல்லியேம்மா."

"என்ன?"

"ஒருத்தங்க கேட்டாங்கன்னு வரவழைச்சோம். மாட்டறதுக்கு முன்னாலேயே அவங்க மகன் வீட்டோட போயிட்டாங்க. பெட்டியைப் பிரிச்சதால புதுசுன்னு விக்க முடியல. முதலாளிக்குத் தெரியாம ரீகண்டிஷன் கணக்குல தள்ளினேன். அதான் உங்ககிட்ட மென்னு முழுங்கினேன். முதல்ல உட்கார்ந்ததே உங்க வீட்டுக்காரர்தான்."

"இப்ப... அது எங்க இருக்கு?"

"ஹாலிஃபாக்ஸ்ல. ரிட்டயர்டு பஸ் டிரைவர் ஒருத்தர் வீட்டுல. ஒரு புகார் கிடையாது. எங்கயும் நிக்கறது இல்ல."

தெல்மா மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். புது லிஃப்ட் வேண்டாம் என்று அன்றே போன் செய்து சொல்லிவிட்டாள். இப்போது முன்னறையில் இரண்டு மடக்குக் கட்டில்கள். மாடிக்கு யாரும் போவதில்லை.

அந்த வீட்டில் அவர்கள் முப்பத்தெட்டு வருஷமாக இருக்கிறார்கள். ஒரு நாள்கூட எதுவும் பார்த்ததில்லை, கேட்டதில்லை. மூன்றாவது தடவை சொல்லி முடித்தபோது தெல்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நாங்க கால்ல நடந்து ஏறினப்ப ஒண்ணும் தெரியல. அந்தப் பலகைக்குத்தான் இடிச்சுது. அப்ப இத்தனை வருஷமா... தினமும்... நாங்க யாரைத் தாண்டி ஏறிட்டு இருந்தோம்?"