கோல்டு ரூமில் பதினேழாம் வாய்ப்பாடு

குளிர் என்றால் என்னவென்று தூத்துக்குடியில் யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் பெட்டி கட்டத் தொடங்கிய அன்றிலிருந்து தெருவில் எல்லோரும் குளிரைப் பற்றியே பேசினார்கள். மார்கழி விடிகாலையில் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு பால் வாங்கப் போனதுதான் அவர்கள் கண்ட குளிர். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்துக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் கொண்டுபோகச் சொன்னார். இன்னொருவர் சுக்கு என்றார். எதிர்வீட்டு டீச்சர் கொடைக்கானலில் வாங்கிய குரங்குக் குல்லா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பி வந்ததும் ஞாபகமாகத் தந்துவிட வேண்டும் என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே போனார்.

எனக்கு அப்போது பதினோரு வயது. இவர்களில் ஒருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தாலும் பெரிதாகப் பிடிக்கவில்லை.

ஸ்காட்லாந்தில் இருந்தது அம்மா. நாசரேத்தில் நர்சிங் படித்தவள். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்ததும் போனாள். ஆறு மாதத்தில் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வரவில்லை. லீவு இல்லை என்றாள். பிறகு ஏதோ பரீட்சை என்றாள். பிறகு டிக்கெட் விலை என்றாள். இரண்டு வருடம் போய்விட்டது. இப்போது கோடை விடுமுறைக்கு எங்களை அங்கே வரச்சொல்லி டிக்கெட் எடுத்திருந்தாள். அப்பா, நான், தம்பி. ஒரு மாதம் இருந்துவிட்டு நாங்கள் திரும்பி வருவோம். அவள் அங்கேயே இருப்பாள்.

உனக்காகத்தானே போயிருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொன்னார்கள். நான் அவளைப் போகச் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

நான் வரமாட்டேன் என்று சொன்னேன். ஒரு மாதமும் மாமா வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றேன். மாமா அம்மாவின் தம்பி. அடுத்த தெருவில்தான் வீடு.

அப்பா என்னோடு வாதாடவில்லை. அவர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்த்தார். கண்டெய்னரில் சரக்கு ஏற்றுவதை நாள் முழுக்கப் பார்க்கிறவர், பெட்டியையும் அப்படியே அடுக்கினார். கனமானது அடியில், உடையக்கூடியது நடுவில், இடைவெளியில் எல்லாம் சாக்ஸ். காலி இடம் விட்டால் சரக்கு ஆடும் என்பார். ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு மூலையைக் காலியாகவே விட்டு வைத்திருந்தார். அது என் துணிக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது.

அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவாள். இப்போதுபோல் முகம் பார்த்துப் பேசுகிற வசதி எங்கள் வீட்டுக்கு அப்போது வரவில்லை. அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் துணி மடிப்பார். எதை எடுக்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல இவர் குழம்பினார். அந்த ஊரில் காலையில் வெயில் அடிக்கும், நம்பி வெளியே போனால் பத்து மணிக்கு மழை, பிறகு காற்று, சாயங்காலம் திரும்பவும் வெயில். அதனால் ஒரே தடியான சட்டை வேண்டாம், மெல்லிசாக மூன்று நான்கு எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட வேண்டும், வேண்டாதபோது கழற்ற வேண்டும் என்றாள்.

"காலைல மாட்டி, மத்தியானம் கழட்டி, சாயந்திரம் திரும்ப மாட்டணுமா? அது ஊரா, நாடகக் கொட்டகையா?" என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். தம்பியும் சிரித்தான். அவன் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தான். நான் சமையல்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். "அவ எங்க?" என்று அம்மா கேட்டாள். "இங்கனதான் நிக்கா," என்றார் அப்பா. 

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். மாமா இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் ஃப்ரீசர் ஆபரேட்டர். ஊரில் எல்லோரும் வெயிலில் கருகிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் தினமும் குளிர்கோட்டு போட்டு வேலை பார்த்தார். அதனால் குளிரைப் பற்றிப் பேச எங்கள் வட்டாரத்தில் தகுதியுள்ள ஒரே ஆள் அவர்தான். ஆனால் அவர் யோசனை எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏளா, நீ ஏன் போவமாட்டேங்க? குளிருக்குப் பயமா?"

"எனக்கென்ன பயம்?"

"பின்ன? ஊரு பூராவும் அதைத்தான சொல்லுது. பிள்ளை குளிருக்குப் பயந்துட்டாம்."

ஊர் அப்படிச் சொல்லவில்லை. மாமா அப்போதே இட்டுக்கட்டினார். எனக்கு அது தெரியாது. தலைக்குமேல் கோபம் வந்தது.

"குளிரு என்ன செய்யும்? சும்மா எல்லாரும் பீத்துதாங்க," என்றேன்.

மாமா அதற்குத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. பந்தயம் அந்த இடத்திலேயே முடிவானது. கம்பெனி கோல்டு ரூமுக்குள் நான் வெறும் கவுனோடு நிற்க வேண்டும். நின்றுகொண்டு பதினேழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொல்லி முடிக்க வேண்டும். தப்பு விட்டால் முதலிலிருந்து. சொல்லி முடித்தால் நான் ஊரிலேயே இருக்கலாம், அப்பாவிடம் மாமா பேசிக்கொள்வார். நடுவில் வெளியே ஓடி வந்தால் வாய்பேசாமல் பெட்டி கட்ட வேண்டும்.

பதினேழாம் வாய்ப்பாடு எனக்குத் தூக்கத்தில்கூட வரும். மாமா தோற்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு பைக்கில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் இறால் உரிக்கும் அக்காமார் இல்லை. வாட்ச்மேன் தாத்தா மட்டும் வாசலில் நாற்காலி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே பிளீச்சிங் பவுடர் வாசமும் இறால் வாசமும் கலந்து அடித்தது. மாமா கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டார். இன்னொரு கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இதைக் கேட்டேன்னா தோத்தேன்னு அர்த்தம்," என்றார்.

"கேக்க மாட்டேன்."

கதவு சுவரளவு தடிமன். திறந்ததும் வெள்ளையாகப் புகை வந்து காலில் விழுந்தது. உள்ளே போனதும் முதலில் நன்றாகத்தான் இருந்தது. வெளியே தார் உருகுகிற வெயிலில் வந்தவளுக்கு அது சுகமாக இருந்தது. கூரை வரை அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. எங்கேயோ மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. நான் மாமாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஆரம்பித்தேன்.

ஐந்தாவது வரியில் மூக்குக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டது. ஏழாவதில் தாடை ஆட ஆரம்பித்தது. பதினேழு ஏழு நூற்றுப் பத்தொன்பது என்பதற்கு நூற்று இருபத்தொன்பது என்றேன்.

"தப்பு. மொதல்லருந்து," என்றார் மாமா.

மாமாவின் தந்திரம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குளிரில் கால் ஓடுவதற்கு முன்னால் மண்டைதான் உறைந்து நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். திரும்ப ஆரம்பித்தேன். உடம்பு ஆடுவதை நிறுத்த, பக்கத்தில் இருந்த இரும்பு ரேக்கின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இந்த முறை ஒன்பதாவதில் தப்பு விட்டேன். மாமா கோட்டை நீட்டினார். நான் பார்க்காததுபோல் மூன்றாவது முறை ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகை இல்லை என்று சொல்லத் தோன்றியது. ஆனால் வாயை வாய்ப்பாட்டுக்கு வைத்திருந்தேன். ஒவ்வொரு எண்ணாகக் கடித்துத் துப்பினேன். மாமாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "போதும்ளா, வா," என்றார். நான் கம்பியை விடவில்லை. பதினேழு இருபது முந்நூற்று நாற்பது என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் விட்டேன்.

வெளியே வந்ததும் மாமா என் கையைப் பார்த்துப் பயந்துவிட்டார். விரல் எல்லாம் மெழுகுபோல் வெளுத்திருந்தது. மடக்க வரவில்லை. "ஐயோ, அக்கா என்னைக் கொன்னுருவா," என்று சொல்லிக்கொண்டே அந்த அக்காவுக்கே மிஸ்டு கால் கொடுத்தார். நர்ஸ் என்று அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். டீ போடுகிற இடத்திலிருந்து ஒரு வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தார். என் கையைப் பிடித்து அதில் அமுக்கப்போகும்போது போன் அடித்தது.

மாமா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். பந்தயத்தையும் சேர்த்துச் சொன்னார். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் கேட்டது.

"ஏலே, வெந்நீர்ல விடாத. தள்ளி வை மொதல்ல."

"கை வெறச்சுக் கெடக்கு அக்கா."

"வெறச்ச கைக்குச் சூடு தெரியாதுலே. வெந்து போனாலும் தெரியாது. அப்புறம் எரியும் பாரு, செவத்துல முட்டிக்கிட்டு அழலாம் போல இருக்கும். கையை அவ கக்கத்துல வச்சு அமுக்கிக்கிட்டு உக்காரச் சொல்லு. தேய்க்காத. மொதல்ல ஊசி குத்தும். பொறவு அரிக்கும். சுண்டு விரலு மட்டும் கடைசிலதான் திரும்பி வரும், அதுக்குப் பயப்பட வேண்டாம்."

நான் கக்கத்தில் கையை வைத்து உட்கார்ந்தேன். ஊசி குத்தியது.

"ஜெயிச்சிட்டாளா?" என்று அம்மா கேட்டாள்.

"ஜெயிச்சிட்டா."

"அப்பச் சரி. வாக்குக் கொடுத்துட்டேல்லா. அவ இங்கன வர வேண்டாம். அவ டிக்கெட்டை நான் கேன்சல் பண்ணிக்கிடுதேன்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. கெஞ்சுவாள் என்று நினைத்திருந்தேன். கெஞ்சினால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருடமாக யோசித்து வைத்திருந்தேன். அது எல்லாம் வீணாகிவிட்டது.

"அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வச்சேன். அதை யாருக்காவது கொடுத்துரவா?" என்றாள் அம்மா. மாமாவிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன கலரு?" என்றேன். அவள் போனதிலிருந்து நானாக அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

 லைன் போய்விட்டதோ என்று மாமா போனை எடுத்துப் பார்த்தார்.

"மஞ்சள்," என்றாள்.

"எனக்கு மஞ்சள் பிடிக்காதுன்னு தெரியாதா?"

"தெரியும். உன் அளவுல அது மட்டுந்தான் கெடந்துச்சு."

"என் அளவு ஒனக்கு எப்படித் தெரியும்? நான் வளந்துட்டேன்."

"எவ்வளவு வளந்துருக்க?"

"அந்தக் கடையில மாத்திக் குடுப்பாங்களா?"

"ஆளு வந்து போட்டுப் பாத்தா மாத்திக் குடுப்பாங்க."

"அப்பன்னா பில்லைத் தொலைச்சிராத. நான் வந்து மாத்திக்கிடுதேன்," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. மாமா எழுந்து கோட்டைக் கழற்றுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா சரி என்றாள். 

வீட்டுக்கு வந்ததும், விஷயம் தெரிந்து அங்கே வந்திருந்த அத்தை மாமாவைக் கிழித்துத் தொங்கவிட்டார். பச்சைப் பிள்ளையை இறால்கூடவா அடுக்கப் பாத்தீரு என்று தெருவே கேட்கக் கத்தினார். அப்பா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் என் துணியைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்வெட்டர் மாத்தத்தான் வாரேன். அவளைப் பாக்க ஒண்ணும் இல்ல," என்றேன்.

"ஆமா, மாத்தணும்லா," என்றார் அப்பா. ஒவ்வொரு துணியாக எடுத்து, அவசரமே இல்லாமல், திரும்பத் திரும்ப மடித்து வைத்தார்.

அன்று கையைப் பற்றி அம்மா சொன்னது அத்தனையும் அப்படியே நடந்தது. ஊசி குத்தியது. பிறகு அரித்தது. சுண்டு விரல் மட்டும் கடைசியில் வந்தது. பார்க்காமலே எவ்வளவு சரியாகச் சொல்கிறாள், நர்சிங்கில் இதையெல்லாம் பாடமாக வைத்திருப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத நாசரேத்தில், குளிரில் விறைத்த கைக்கு எவன் பாடம் நடத்தியிருப்பான் என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.