கேட்டை முதலில் தொடுபவர்

எனக்கும் தம்பிக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். கிணத்துக்கடவில் ஸ்கூல் பஸ்ஸை விட்டு இறங்கியதும், மெயின் ரோட்டிலிருந்து தோப்புக்குள் இருக்கும் எங்கள் வீட்டு கேட் வரைக்கும் ஓட்டப்பந்தயம். கேட்டை முதலில் தொடுபவருக்குச் சாயங்காலம் முழுக்க அம்மாவின் செல்போன். நாலைந்து வருஷமாக அது என் கையில்தான் இருந்தது. எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

நான் ஒன்பதாவது போன வருஷம், கோடை லீவுக்குக் காங்கேயத்து மாமா வீட்டுக்குப் போன தம்பி, தொண்டை கட்டின மாதிரி ஒரு குரலும் கணுக்காலுக்கு மேலே ஏறிய பேண்ட்டுமாகத் திரும்பி வந்தான். ஸ்கூல் திறந்த அன்றைக்கு அவன்தான் கேட்டை முதலில் தொட்டான். என் ஷூ லேஸ்தான் காரணம் என்று நினைத்தேன். மறுநாள் லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு உயிரைக் கொடுத்து ஓடினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நான் மெதுவாகிவிட்டேனா? ஸ்கூலில் பெண்கள் பந்தயத்தில் இன்னும் நான்தானே முதல்! அம்மாவிடம் கேட்டதற்கு, வளர்கிற பையன் அப்படித்தான் ஓடுவான் என்றாள். நானும்தானே வளர்ந்தேன், அவனுக்கு முன்னாடியே வளர்ந்தேனே என்றேன். அம்மா காபியை ஆற்றப் போய்விட்டாள். ஆகவே நானே ஒரு முடிவுக்கு வந்தேன். இத்தனை நாளும் இவன் வேண்டுமென்றேதான் தோற்றிருக்கிறான்.

"ஏண்டா, இத்தன வருசமா எனக்கு உட்டுக் குடுத்தியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. எனக்கே தெரியல. காலு அதும்பாட்டுக்குப் போவுது," என்றான்.

அவனும் குழம்பித்தான் போயிருந்தான். ஆனால் நான் நம்பவில்லை. ஒரு வாரம் அவனோடு பேசவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை நான் ஜெயித்தேன். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவன் கால் பின்னிக்கொண்ட மாதிரி தடுமாறி நின்றான். சின்னக் குழந்தைகூட நம்பாத நடிப்பு. அவனே உள்ளே ஓடி அம்மாவிடம் போனை வாங்கிவந்து, "நீதாங்க்கா ஃபர்ஸ்ட்டு," என்று நீட்டினான். இப்போதாவது பேசுவேனா என்று என் முகத்தையே பார்த்தான். எனக்கோ, கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்றிருந்தது. இன்றைக்கு இப்படித் தோற்றவன் அன்றைக்கும் இப்படித்தானே தோற்றிருப்பான்? போனைத் தொடாமல் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் நாங்கள் ஓடவே இல்லை.

அத்தனை வருஷமும் நான் என் காலால்தான் ஜெயித்தேன். அவன் எனக்காகத் தோற்றது அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான். அது தெரியாமல் உள்ளே நான் அழுதுகொண்டிருந்தேன். வெளியே அவன், புதுக்குரல் உடைய உடைய, அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றான்.