கரமனையில் சாகாமல் இருந்த மிராசுதார்

சென்னையிலிருந்து ரயிலேறி வரும் வாரப் பத்திரிகையைப் பிரித்தவுடன் மண்ணெண்ணெயும் பசையும் கலந்தாற்போல் ஒரு வாசனை எழும். அடுத்த வீட்டுத் தங்கம் மாமி அதை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குவாள், அவள் முகர்ந்து முடிக்கும்வரை கரமனை அக்ரகாரத்தில் எங்கள் வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்போம்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் தெருவில் வீட்டுக்குள் பேசியது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். அதனால் அம்மா, அத்தை எல்லோருக்கும் மலையாள எழுத்து தண்ணீர் பட்ட பாடு, தமிழ் எழுத்து என்றால் ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த தங்கம் மாமி ஒருத்திதான் தமிழைத் தடையில்லாமல் வாசிப்பாள். அவள் வீட்டுக் கூடத்தில், மத்தியானச் சமையல் ஒழிந்த நேரத்தில், அந்த ஒரே பிரதியைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருப்போம். வாசித்து முடித்ததும் கதைக்குப் போட்டிருக்கும் படம் கைமாறிச் சுற்றி வரும். அது எழுதாத சட்டம்.

அந்த வருஷம் ஒரு மர்மத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. மிராசுதார் ஒருவர் விடியற்காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போனவர் திரும்பவில்லை. சில நாள் கழித்து முகம் சிதைந்த உடல் ஒன்று கரை ஒதுங்குகிறது, விரலில் அவருடைய மோதிரம். மனைவியோ அது என் புருஷனில்லை என்று அடித்துச் சொல்கிறாள். பிறகு அந்த வீட்டுத் தோட்டத்துக்குத் தாடிக்கார ஊமை ஒருவன் வேலைக்கு வந்து சேருகிறான். இவ்வளவு போதாதா? அடுத்த இதழ் வரும்வரை எங்கள் தெருவில் கிணற்றடியிலும் கோயில் பிராகாரத்திலும் இதே பேச்சு, இதே 'பறைச்சல்'தான். கணக்குப்பிள்ளைதான் கொன்றான் என்பாள் ஒருத்தி, தம்பிக்காரனின் முழியே சரியில்லை என்பாள் இன்னொருத்தி. ஆனால் எல்லோருடைய ஊகமும் கடைசியில் ஓரிடத்தில்தான் வந்து நிற்கும்: மிராசுதார் சாகவில்லை, அந்த ஊமைதான் மிராசுதார்.

அப்படி நிற்பதற்குக் காரணம் என் பகவதி அத்தை. அப்பாவின் தங்கை. அவளைக் கல்யாணம் செய்துகொண்ட அத்திம்பேர் ரங்கூனில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். யுத்தத்தில் அங்கே குண்டு விழுந்தபோது காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பியவர்களில் அவர் இல்லை. வழியில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார், இல்லை அது வேறு ஆள் என்று இன்னொருவர் சொன்னார், அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் திருமாங்கல்யம், தலையில் பூ, ஒன்றும் குறையாமல்தான் இருந்தாள்.

எங்களவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டு வருஷம் தகவலே இல்லாமல் போனவருக்குத் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதற்கே தகனமும் கர்மமும் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் போன உயிருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது என்பார்கள். செய்துவிட்டால் அவருடைய மனைவி அன்றிலிருந்து கைம்பெண். அந்தக் கெடு அந்த வருஷம்தான் முடிந்தது. வாத்தியார் என்று நாங்கள் சொல்லும் புரோகிதர் இரண்டு தடவை வந்து அப்பாவிடம் தணிந்த குரலில் பேசிவிட்டுப் போனார். அப்பா செக்ரட்டேரியட்டில் எத்தனையோ பேருக்குப் பதில் எழுதும் மனுஷர், புரோகிதரிடம் மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். "அவ ஒத்துக்காம நான் எப்படிச் செய்யறது?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அம்மா என் காதைப் பிடித்து, "அத்தை முன்னாடி மிராசுதார் செத்துட்டான்னு வாய் தெறக்கப்படாது, கேட்டியா?" என்று சொல்லி வைத்திருந்தாள். என்னிடம் மட்டுமா? தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அம்மா சொல்லி வைத்திருந்தாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அத்தையிடம் ஒரு பெரிய 'துப்பு' இருந்தது. முதல் வாரப் படத்தில் மிராசுதாருக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம். ஊமை வந்த வாரத்துப் படத்திலும் தாடிக்கு மேலே, அதே இடத்தில், ஒரு புள்ளி. "பாத்தேளா, இவன்தானாக்கும் அவன்" என்று அத்தை விரலை வைத்துக் காட்டியபோது, எங்கள் கூடமே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. ஆவணி அவிட்டத்துக்கு முந்தின வாரம் தங்கம் மாமியின் நாத்தனார் விசாலம் ஊரின் இன்னொரு பக்கமான ஸ்ரீவராகத்திலிருந்து வந்தாள். கூடவே ஊமை வந்த வாரத்துத் தன் பிரதியையும் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு எங்கள் சங்கதி ஒன்றும் தெரியாது, பாவம். "எங்க தெருவிலே எல்லாரும் அவன் செத்தாச்சுன்னுதான் சொல்றா. எந்த மச்சம்? எங்க பொஸ்தகத்திலே ஒண்ணும் இல்லையே, இது மை தெறிச்சதாக்கும்" என்றாள்.

கூடத்துப் பெண்கள் அவள்மேல் பாய்ந்தார்கள். நன்றாகப் பார், இருக்கிறதே, உன் கண்ணுக்கு என்ன கேடு, ஸ்ரீவராகத்துக்காரர்களுக்கு எல்லாம் தெரிந்த நினைப்பு. ஒருத்தி அந்த வெறும் கன்னத்தில் நகத்தால் தொட்டு, "இதோ, இதோ இருக்கே" என்றே சொன்னாள். விசாலத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தை அந்தப் பிரதியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள். "ஆமா, இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

முடிவு வந்த வாரம், தங்கம் மாமி பத்திரிகையை முகரவில்லை. முன்னாலேயே தனியாகப் படித்திருந்தாள் போலிருக்கிறது. குரலைச் செருமிக்கொண்டு வாசித்தாள்: ஊமை தாடியை மழித்துவிட்டு வாசலில் வந்து நிற்கிறான், மனைவி ஆரத்தி எடுக்கிறாள், ஊரே திரண்டு வந்து பார்க்கிறது. வழக்கமாகத் தடுமாறாத மாமி அன்றைக்கு நடுநடுவே நின்று நின்று வாசித்தாள். எங்களுக்கெல்லாம் சந்தோஷமான சந்தோஷம். முடித்தவுடன் பத்திரிகையை மடித்து மடியின் கீழே வைத்துக்கொண்டாள்.

"படம் எங்கே தங்கம்?" என்றாள் அத்தை.

"இந்த வாரம் படம் ஒண்ணும் நன்னா இல்லை, விடு."

அத்தை கையை நீட்டியபடியே இருந்தாள். வேறு வழியில்லாமல் மாமி கொடுத்தாள். நான் அத்தையின் தோளில் சாய்ந்திருந்ததால் எனக்கும் தெரிந்தது. படத்தில் மிராசுதாரின் மனைவி வெள்ளைப் புடவையில், பொட்டில்லாமல், ஆற்றங்கரையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு வரி கூட யாரும் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. மாமி வாசித்ததெல்லாம் அவளே அந்த க்ஷணத்தில் கட்டிய கதை. அத்தை படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாருக்கும் கொடுக்காமல் மூடினாள். "ரொம்ப நன்னா வாசிச்சே தங்கம்" என்று சொல்லி, அவள் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு எழுந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து வந்து கால் அலம்பிக்கொண்டிருக்கும்போதே அத்தை போய் எதிரில் நின்றாள். "அண்ணா, வாத்தியார்கிட்டே நாள் பாக்கச் சொல்லு."

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். "யாராவது ஏதாவது சொன்னாளா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. அதுதான் அண்ணா. ஆத்திலே ஒதுங்கினது அந்த மனுஷன்தான்னு எனக்கு மொத வாரமே தெரியும். நீங்கள்லாம் உசிரோட இருக்கான், உசிரோட இருக்கான்னு சொல்றச்சே கேக்கறதுக்கு நன்னா இருந்தது. அதுக்காகத்தான் நானும் மச்சத்தைக் காட்டிண்டிருந்தேன். எத்தனை பேர் எனக்காகப் பொய் சொல்லுவா? போறும். அவருக்கும் தாகமா இருக்கும்."

அப்பா அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அத்திம்பேரின் தம்பி திருநெல்வேலியிலிருந்து வந்தார். கரமனையாற்றங்கரையில் தர்ப்பை உருவம் எரிவதற்கு அதிக நேரம் ஆகவில்லையாம். பத்தாம் நாளன்று தெருப்பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அத்தையின் தலையில் கடைசியாகப் பூ வைத்தார்கள். தங்கம் மாமி மட்டும் வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வர முடியாமல் திரும்பிப் போனாள். அத்தைதான் மறுவாரம் அவளைத் தேடிப் போனாள். அதன் பிறகு மாமி பத்திரிகை வரவழைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அத்தை பின்னும் பல காலம் இருந்தாள்.

இப்போது தங்கம் மாமியின் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம். தெருவில் தமிழ்க் குரல் கேட்பதே அபூர்வம். என் பேத்தி டிவியில் ஏதோ மர்மத் தொடர் பார்க்கிறாள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் யார் கொன்றான், யார் வேஷம் போடுகிறான் என்று அவளும் சிநேகிதிகளும் போனில் ஊகங்களை அள்ளி வீசுகிறார்கள். எல்லாம் கெட்டிக்கார ஊகங்கள், முக்கால்வாசி பலித்தும் விடுகின்றன. பக்கத்தில் யார் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று பார்த்துத் தன் ஊகத்தை மாற்றிச் சொல்ல அவர்களுக்கு அவசியம் வந்ததில்லை, வரவும் வேண்டாம். போன வாரம் அதில் ஒருவன் காணாமற்போனான். "அவன் செத்தாச்சு பாட்டி, நூறு சதவீதம்" என்றாள் பேத்தி. சரியாகத்தான் சொல்லியிருப்பாள். எனக்குத்தான் அதைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டேன்.