தாழ்ச்சிக் கேடயம்

பள்ளிக்கூடத்து சிஸ்டர் போனில் கூப்பிட்டபோது நான் அவிசாவளை பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். "இந்த வருசம் தாழ்ச்சிக் கேடயத்த நீங்கதான் ஒங்க கையால கொடுக்கணும். மொதமொதல்ல வாங்கின பிள்ளை நீங்கதானே" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன், ஆனால் சிஸ்டருக்கு அது பணிவாகக் கேட்டிருக்கும். தோட்டத்துக்காரர்கள் எதைச் சொன்னாலும் அவர்களுக்குப் பணிவாகத்தான் கேட்கும்.

அந்தக் கேடயம் எப்படி வந்தது என்பதை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. எங்கள் பள்ளிக்கூடம் ரப்பர் மலைக்கு அடியில், சர்ச்சை ஒட்டி இருக்கிறது. எங்கள் வீட்டில் மாரியம்மன் படம்தான். ஆனால் பக்கத்தில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது. மைதானம் சின்னது என்பதால் மரதன் ஓட்டத்தைத் தோட்டத்து ரோட்டில் வைப்பார்கள். முதலாவதாக வரும் பிள்ளை மட்டும் வலயப் போட்டிக்குப் போகலாம். எனக்குப் பதினைந்து வயது, அந்த ஒரு இடம்தான் என் ஆசை முழுவதும். ரப்பர் பால் வெட்டப் போகும் அம்மாவோடு விடியலில் வாளி தூக்கிக்கொண்டு மலை ஏறுவேன். பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காலோடு ஓடி இறங்குவேன். காலில் அட்டை ஏற நேரம் கொடுக்காமல் ஓடவேண்டும். அதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

எங்களுக்கு இன்னொரு பயிற்சியும் உண்டு. தோட்டத்து மேனேஜர் துரையின் வண்டி பின்னால் வந்தால் ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்து வடிகாலான கானுக்குள் நிற்கவேண்டும். தண்ணீர் ஓடும் கானானாலும் சரிதான். கையைக் கட்டிக்கொண்டு, வண்டி வளைவு தாண்டும்வரை நிற்கவேண்டும். நடக்கத் தொடங்கிய வயதில் அம்மா என் காலில் அடித்துப் பழக்கினார். "எறங்கலன்னா பேர வெட்டிருவாங்க" என்பார். தோட்டத்தில் பேரை வெட்டினால் அன்றைய வேலையும் சம்பளமும் போய்விடும். துரை அப்படிச் செய்தாரா, அவருக்கு முந்தினவர் செய்தாரா, யாருக்குத் தெரியும்? பயத்துக்குச் சாட்சி வேண்டியதில்லை.

மரதன் ஓட்டத்தன்று ரப்பர் ஸ்டோர் வளைவில் நான்தான் முன்னால். பின்னால் வந்த இருவரும் டவுன் பிள்ளைகள், கொஞ்ச தூரத்தில் இருந்தார்கள். திரீவீல் ஓட்டுகிற சிங்கள அண்ணன் ஒருவர், "துவன்ன நங்கி, துவன்ன" என்று கை தட்டினார். ஓடு தங்கச்சி, ஓடு. அப்போது பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டது. பிரதம விருந்தினராக வந்துகொண்டிருந்த துரையின் வண்டிச் சத்தம். அது எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

நான் யோசிக்கவே இல்லை. கானுக்குள் இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வண்டி வளைவில் ஊர்ந்து ஊர்ந்து போனது. டவுன் பிள்ளைகள் ரோட்டின் ஓரத்துக்கு வந்து, நிற்காமல் ஓடிப் போனார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களை யாரும் காலில் அடித்துப் பழக்கவில்லை. வண்டி வளைவு தாண்டும்வரை நான் கானிலேயே நின்றேன். மூன்றாவதாக வந்தேன்.

மேடையில் துரை ஃபாதரின் காதில் ஏதோ சொன்னார். ஃபாதர் எழுந்து மைக்கைப் பிடித்தார். வெற்றி கைக்கு வந்த நேரத்தில் ஒரு பிள்ளை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து நின்றதாம், இதுதான் தாழ்ச்சியாம், விளையாட்டு இப்படித்தான் நற்பண்பை வளர்க்குமாம். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பது சும்மாவா? அலுமாரியில் கிடந்த பழைய கேடயம் ஒன்றைத் துடைத்து என் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். வலயப் போட்டிக்கு வேறொரு பிள்ளை போனாள்.

வீட்டில் அம்மா கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னாடி எழுதியிருக்கு?"

"தாழ்ச்சிக்குப் பரிசும்மா."

"தாழ்ச்சியா? நீ எதுல தாழ்ந்து போயிட்டன்னு குடுத்தாங்க?"

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அம்மாவுக்கு அந்தச் சொல்லின் சர்ச் அர்த்தம், பணிவு என்பது, தெரியாது. தெரியாததால்தான் சரியாகக் கேட்டார். எங்கள் வகுப்புச் சுவரில் தலையான புண்ணியங்கள் ஏழும் பெரிய எழுத்தில் இருந்தன. அதில் கடைசியாகச் சுறுசுறுப்பு இருந்தது. ஓடுகிற பிள்ளைக்கு அதையல்லவா கொடுத்திருக்கவேண்டும்? பொறுமையும் தாழ்ச்சியும் எங்களுக்கு, சுறுசுறுப்பு மற்றவர்களுக்கு என்று யார் பிரித்தது?

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தக் கேடயத்தைக் கொடுத்தார்கள். வாங்கியதெல்லாம் எங்களைப் போலத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள். ஒரு வருடம், அடுத்தவள் காலை மிதித்ததில் நகம் பெயர்ந்தும் வாய் திறக்காமல் ஓடிய பிள்ளைக்குக் கிடைத்தது. வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை. இதையெல்லாம் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை. என் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

இப்போது என் மகள் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், அதே மரதன் ஓடுகிறாள். இந்த வருடப் போட்டியன்று காலை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னேன். "பின்னால எந்த வண்டி வந்தாலும் கான்ல எறங்காத."

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "நான் ஓரமாத்தானேம்மா ஓடுவேன். எதுக்கு எறங்கணும்?"

ஸ்டோர் வளைவில் போய் நின்றேன். அவள்தான் முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் வெள்ளை வண்டி. துரை புதியவர், பிரதம விருந்தினர் நாற்காலி பழையதுதான். ஹோர்ன் அடித்தது. மகள் ஓரமாக ஓடிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் முறையும் அடித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளைவில் இடம் போதாமல் வண்டி அவள் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. "ஓடு, ஓடு" என்று கத்தினேன்.

வண்டி போனபின் காலில் ஏதோ சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தேன். நான் கானுக்குள் நின்றுகொண்டிருந்தேன். செருப்பெல்லாம் சேறு. கையைக்கூடக் கட்டியிருந்தேன். எனக்கு வயது நாற்பது.

மகள் முதலாவதாக வந்தாள். வலயப் போட்டிக்கு அவள் பேரை வாசித்தார்கள். அதற்கே கோபம் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஆனால் சிஸ்டர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். கேடயத்தை என் கையில் வைத்து, "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று மைக்கில் சொல்லிச் சிரித்தார். இந்த வருடத் தாழ்ச்சிக் கேடயமும் என் மகளுக்குத்தானாம். அம்மா கையால் மகளுக்குக் கொடுத்தால் படம் அழகாக இருக்குமாம்.

கேடயத்தைப் பார்த்தேன். அதில் அவள் பேரை எழுத்து எழுத்தாக வெட்டியிருந்தார்கள். முந்தின நாளே தெஹியோவிட்ட டவுனில் கொடுத்து வெட்டி வாங்கியிருக்கிறார்கள். அவள் ஓடுவதற்கு முன்பே, யார் இறங்கி நிற்பாள் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மைக்கை இழுத்துக்கொண்டேன். "சிஸ்டர், அன்னைக்கு நான் யாருக்கும் விட்டுக்குடுக்கல. எங்கம்மா பேர வெட்டிருவாங்கன்னு பயந்து கான்ல எறங்குனேன். அத நீங்க புண்ணியம்னு சொன்னீங்க. எம்புள்ள இன்னைக்கு எறங்கல. அவ பேர எதுக்கு இதுல வெட்டுனீங்க?"

யாரும் கை தட்டவில்லை. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிஸ்டர் மெதுவாக, "பிள்ளைக்கு முன்னால இப்படிப் பேசலாமா? கொஞ்சம் பொறுமையா இருங்க" என்றார்.

"பொறுமையும் அந்தச் செவுத்துல இருக்கு சிஸ்டர். அதுக்கும் ஒரு கேடயம் செஞ்சு வைங்க" என்றேன்.

கேடயத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். மேடைப் படிகளில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். என் செருப்பில் இருந்த கான் சேறு படிக்குப் படி அதில் பதிந்தது. துடைத்துக்கொள்ளட்டும்.